கலப்பும் மயக்கமும் – ஒரு நோக்கு

'மயக்கம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் இன்று நம் நினைவுக்கு வருவது, வெயிலில் நின்றவர் தலைசுற்றி விழுவதே. தொல்காப்பியம் கற்றவர்க்கோ அச்சொல் வேறொரு பொருளையும் தரும். ஒரு மெய்யெழுத்தோடு மற்றொரு மெய்யெழுத்து வந்து கூடுவது மெய்ம்மயக்கம். ஒரு வேற்றுமைக்குரிய பொருளில் பிறிதொரு வேற்றுமை வருவது வேற்றுமை மயக்கம். ஒரு திணைக்குரியது மற்றொரு திணையிற் சென்று கலப்பது திணைமயக்கம். ஐம்பூதங்களும் கூடியதே உலகம் என்று மரபியலில் கூறவந்த ஆசிரியர், அக்கூட்டத்தைக் குறிக்கவும் இச்சொல்லையே ஆளுகின்றார். கலத்தலுக்கும் அறிவு தடுமாறுதலுக்கும் தமிழர் ஒரே சொல்லை வைத்திருந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. கலந்து நிற்கும் ஒன்றைக் காணும்போது, இஃது எதைச் சேர்ந்தது என்று துணிய இயலாமல் மனம் தடுமாறுகிறது. அத்தடுமாற்றமே சிலரிடத்து வெறுப்பாகவும் முதிர்ந்து விடுகிறது.

'கலப்பு' என்னும் சொல்லின் இன்றைய நிலையும் நன்றாக இல்லை. நெய்யில் கலப்படம், மிளகாய்த் தூளில் கலப்படம் என்று கடைத்தெருவில் அடிபடுகிறது. கலப்புத் திருமணம் என்றால் ஊர் ஒரு கணம் பேச்சை நிறுத்துகிறது. கலப்புத் தமிழ் என்பதோ எம் போன்ற தமிழாசிரியர்கள் விடைத்தாள்களில் சிவப்பு மையால் எழுதும் குற்றச்சாட்டு.

அச்சிவப்பு மையை யாமும் பட்டிருக்கிறோம். எட்டாம் வகுப்பில் 'என் தாய்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தார் எம் தமிழாசிரியர். யாம் 'உம்மா' என்றே எழுதினோம். வீட்டில் அப்படித்தான் அழைத்தோம். ஏழு இடங்களில் அச்சொல்லை அடித்து, 'கலப்புச் சொல், தவிர்க்க' என்று ஓரத்தில் குறித்திருந்தார். நல்லாசிரியர், எம்மை வருத்தும் எண்ணம் அவருக்கு இல்லை. அதே ஆண்டில் வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பிய உறவினர் ஒருவர், எம் உம்மா தொட்டிலருகே பாடிய 'ஆராரோ'வையும் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களையும் கேட்டு, 'இவையெல்லாம் மார்க்கத்தில் வந்த கலப்பு' என்று கடிந்தார். பள்ளியில் தமிழில் அரபி கலந்தது குற்றம். வீட்டில் மார்க்கத்தில் தமிழ் கலந்தது குற்றம். கலப்பு என்றால் என்ன என்று அன்று எழுந்த வினா இன்றளவும் எம்மை விட்டுப் போகவில்லை.

மூவகைக் கூட்டம்

இவ்வினாவை மெய்யியலார் மிகப் பழங்காலத்திலேயே எழுப்பியுள்ளனர். இரு பொருள்கள் கலந்தபின் அவை இருக்கின்றனவா, அழிந்துவிட்டனவா என்பதே அவர்தம் ஆராய்ச்சி. கலவையில் உறுப்புகள் தம் ஆற்றலளவில் இருக்கின்றன என்றார் அரிஸ்டாட்டில். கலப்பவற்றின் அளவு ஒத்திருத்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்து. பேரளவு நீரில் விழுந்த ஒரு துளி மது கலப்பதில்லை, நீராகவே மாறிவிடுகிறது என்பார். (உவமை கிரேக்கருடையது, அன்பர்கள் பொறுத்தருள்க.) கி.மு. மூன்றாம் நூற்றாண்டினரான ஸ்டோயிக்கு மெய்யியலார் கிரிசிப்பஸ் இதனை மறுத்தார். அத்துளி கடல் முழுவதும் பரவுவதை எதுவும் தடுக்காது என்றார். கூட்டத்தை அவர் மூவகையாகப் பகுத்ததே நமக்குப் பெரிதும் பயன்படுவது. அவரையும் கோதுமையும் ஒரு கூடையில் கிடப்பது போல் அருகருகே இருத்தல் ஒன்று. மருந்துச் சரக்குகள் போலத் தம் இயல்பு அழிந்து புதியதொன்றாதல் மற்றொன்று. ஒன்றினுள் ஒன்று முற்றும் ஊடுருவியும் தத்தம் இயல்பை இழவாதிருத்தல் மூன்றாவது.

இவ்வாராய்ச்சி பின்னர் இஸ்லாமிய உலகில் தொடர்ந்தது. மருத்துவப் பெருநூலாகிய 'கானூன்' இயற்றிய இப்னு சீனா, கலவையில் பூதங்களின் உள்ளியல்பு அழிவதில்லை, அவற்றின் வெப்பமும் தட்பமும் ஈரமும் வறட்சியும் மோதித் தணிந்து ஒரு நடுநிலைக் குணத்தை அடைகின்றன என்றார். அக்குணமே 'மிஸாஜ்'. யுனானி மருத்துவர் நோயாளியிடம் இன்றும் நாடிப் பார்ப்பது அதனையே. குர்துபா நகரத்து இப்னு ருஷ்து (1126–1198) இதனை ஏற்கவில்லை. உள்ளியல்பே தணிந்து குறைகிறது என்றார். ஐரோப்பியக் கலாசாலைகள் இவ்விருவர் வழக்கைப் பன்னெடுங்காலம் ஆராய்ந்தன.

நம் நாட்டில் இவ்வினா உயிரும் இறையும் பற்றியதாக எழுந்தது. சைவ சித்தாந்தம், முத்தியில் உயிர் இறையோடு ஒன்றுவதை ஒன்றென்றும் கூறாது, இரண்டென்றும் கூறாது. திருவருட்பயனில் உமாபதி சிவாசாரியார் இதற்குக் காட்டும் உவமை இலக்கண மாணவரைத் துள்ள வைக்கும். தாள், தலை என்னும் இரு சொற்கள் புணர்ந்து 'தாடலை' ஆகின்றன. ளகரமும் இல்லை, தகரமும் இல்லை, டகரம் நிற்கிறது. ஆயினும் கேட்பவர்க்கு இரு சொற்களும் விளங்குகின்றன. மெய்யியலின் மிகக் கடினமான முடிச்சை ஒரு புணர்ச்சி விதியால் அவிழ்த்த பெருமை உலகில் வேறு எம்மொழிக்கும் உண்டோ, அறியோம்.

தலைப்பில் உள்ள ஒற்று

இப்புணர்ச்சியை மனத்திற்கொண்டு உமறுப்புலவரிடம் வருவோம். பதினேழாம் நூற்றாண்டினரான அவர் பாடிய காப்பியத்தின் பெயரே நம் ஆய்வுக்குப் போதுமானது. 'சீறா' என்பது வாழ்க்கை வரலாற்றைக் குறிக்கும் அரபுச் சொல். 'புராணம்' வடசொல். அவ்வாறாயின் 'சீறாப்புராணம்' என்பதில் தமிழ் எங்கே? இடையில் நிற்கும் 'ப்' என்னும் ஒற்றே தமிழ். அரபிக்கும் அந்த ஒற்று உரியதன்று, வடமொழிக்கும் உரியதன்று. வல்லினம் மிகும் என்ற நம் விதி அயலார் இருவரையும் கைப்பிடித்துத் தமிழ்ப்பந்தியில் அமர்த்தி விடுகிறது.

காண்டப் பெயரும் அத்தகையதே. பிறப்பைக் குறிக்கும் 'விலாதத்' என்னும் அரபுச் சொல் தகர மெய்யில் முடிகிறது. தமிழ்ச்சொல் அவ்வாறு முடியாது; ஆதலால் ஓர் உகரம் பெற்று 'விலாதத்து' ஆயிற்று. பின்னர் ஒற்று மிக்கு 'விலாதத்துக் காண்டம்' ஆயிற்று. 'ரசூல்' என்னும் சொல்லுக்கு முதலில் ரகரம் நில்லாது. இகரம் முன்வந்து 'இறசூல்' ஆயிற்று. வடசொல்லைத் தமிழ் எழுத்தோடு பொருந்த அமைத்துக்கொள்க என்ற தொல்காப்பியர் ஆணையை உமறு அரபிக்கும் நீட்டினார் என்க. வைணவ உரைகளின் மணிப்பிரவாளம் கிரிசிப்பஸ் கூறிய முதல்வகை. மணியும் பவளமும் அருகருகே கிடக்கும், கிரந்த எழுத்துத் தன் உருவோடு நிற்கும். சீறாவோ மூன்றாம் வகை.

தனித்தமிழ் இயக்கத்துக்கு யாம் பகைவர் அல்லேம். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய அம்முயற்சி இல்லையாயின், நம் விழா மேடைகளில் தலைவருக்குப் பதில் இன்னும் 'அக்கிராசனர்' அமர்ந்திருப்பார். தமிழில் வளமான சொல் இருக்க அயற்சொல்லை மிடுக்குக்காக எடுத்தல் சோம்பலே. ஆனால் ஒரு பிள்ளை தன் தாயை அழைக்கும் சொல் மிடுக்குக்காக எடுத்ததன்று. அரபியின் 'உம்மு' நம் 'அம்மா'வோடு ஓசையில் இயைந்து நிற்கும் அச்சொல்லை எம்மால் அடிக்க முடியவில்லை. எம் மாணவர் தாள்களிலும் அடிப்பதில்லை.

அவ்வாறாயின் எதுவும் எதனோடும் கலக்கலாமோ எனின், அன்று. ஈண்டும் தொல்காப்பியரே துணை. திணைகள் தம்முள் மயங்கலாம் என்று இசைவளித்தவர், நிலங்கள் தம்முள் மயங்குதல் இல்லை என்று வரம்பும் கட்டினார். இஸ்லாத்தில் அந்த வரம்பு இறைமை. வணக்கத்தில் இறைவனுக்கு இணை இல்லை. அதில் எவ்விதக் கலப்பும் ஏலாது. எம் உறவினர் சினத்திலும் ஓர் உண்மை இருந்தது என்று பின்னரே உணர்ந்தோம். அவர் பிழைத்தது, வணக்கத்துக்கு உரிய வரம்பைத் தாலாட்டுக்கும் நீட்டியதில். இரு கடல்கள் சந்திக்கின்றன, இடையே ஒரு திரை உண்டு என்று கூறும் அதே திருக்குர்ஆன், மனிதப் படைப்பைப் பற்றிப் பேசுமிடத்தில் அவன் கலந்த துளியிலிருந்து படைக்கப்பட்டான் என்று 'அம்ஷாஜ்' என்னும் சொல்லால் கூறுகிறது. திரைக்கும் இடம் உண்டு; கலப்புக்கும் இடம் உண்டு.

செம்பும் வெள்ளீயமும்

உலோகத்தில் இது கண்கூடு. தூய செம்பு மெல்லியது. வெள்ளீயம் அதனினும் மெல்லியது. இரண்டும் உருகிக் கலந்தால் வெண்கலம், அவ்விரண்டினும் வலிது. காரணம் எளிது. தூய செம்பில் அணுக்கள் அடுக்கடுக்காய் ஒழுங்குபட நிற்பதால், அடித்தால் ஓர் அடுக்கு மற்றதன்மேல் வழுக்குகிறது. அளவிற் பெரிய வெள்ளீய அணு இடையில் புகுந்ததும் வழுக்கல் தடைப்படுகிறது. வரிசை சற்றே குலைந்ததுதான் வலிமை. நகைக்கடையில் நாம் '916' என்று முத்திரை பார்த்து வாங்கும் பொன்னிலும் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் செம்பு, வெள்ளி போன்ற பிற உலோகமே. முழுத்தூய பொன்னில் செய்த வளையல் கைபட்டால் வளையும்.

ஈரோட்டை அடுத்த கொடுமணலில் இரும்பை மூசையில் உருக்கிய உலைகளின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அத்தகைய உருக்கில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு கரியே கலப்பு; இரும்பு வாளாவதற்கு அது போதும். இந்திய உருக்கால் ஆன வாளை அரபியர் 'முஹன்னத்' என்றனர். இந்தியாவின் பெயர் அதனுள் இருக்கிறது. கஅபு இப்னு ஸுஹைர் நபிகள் நாயகம் (ஸல்) முன்னிலையில் பாடியதாக வழங்கும் பாவில் நபியவர்களுக்கே அவ்வாள் உவமையாயிற்று.

குருதியின் கணக்கு

இனி மனிதன். பெற்றோர் இருவர் இயல்பும் பாலும் நீரும் போலப் பிள்ளையிடம் கலந்துவிடும் என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் பலர் எண்ணினர். அஃது உண்மையாயின் எந்நல்லியல்பும் சில தலைமுறைகளில் நீர்த்துப் போகுமே என்று 1867-இல் பிளீமிங் ஜென்கின் என்பார் டார்வினை மடக்கினார். விடை அதற்கு முன்பே பிறந்திருந்தது. 1865-இல் கிரெகர் மெண்டல் தம் பட்டாணிச் செடிகளைப் பற்றி உரையாற்றினார். நெட்டையையும் குட்டையையும் கலந்தார். பிறந்தவை யாவும் நெட்டை. குட்டை அழிந்ததோ எனின், இல்லை. அடுத்த தலைமுறையில் 1,064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை. மறைந்திருந்தது திரும்பி வந்தது. கலவையில் உள்ளியல்பு அழியாது என்று இப்னு சீனா பூதங்களைப் பற்றிச் சொன்னதை இவ்விடத்தில் நினையாமல் இருக்க இயலவில்லை. இரண்டும் வெவ்வேறு துறை என்பதை அறிந்தே கூறுகிறோம்.

தூய இனம் என்ற பேச்சுக்கு அண்மைக்கால ஆய்வுகள் இடம் வைக்கவில்லை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு நியாண்டர்தால் மனிதருடையது என்று ஸ்வாந்தே பாபோ குழுவினர் 2010-இல் காட்டினர்; 2022-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டைப் பற்றி ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் ஹார்வர்டு அறிஞரும் சேர்ந்து செய்த ஆய்வுகள் 2009-இலும் 2013-இலும் வெளிவந்தன. 2013 ஆய்வில் 73 சமூகங்கள். இந்தியப் பெருநிலத்துச் சமூகங்கள் அனைத்தும் பழங்கால மக்கட்கூட்டங்களின் கலப்பே என்பதும், அக்கலப்பு இன்றைக்குச் சற்றேறக்குறைய 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு வரை முன்பு நிகழ்ந்தது என்பதும் அதன் முடிவு. பின்னர்க் கதவு சாத்தப்பட்டது, அகமணம் வேரூன்றியது. அதன் விளைவை 2017-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. தெற்காசியாவின் 263 குழுக்களில் 81 குழுக்கள் மிகச்சில முன்னோரிடமிருந்து பெருகியவை. இத்தகைய குழுக்களில், இருபுறமும் மறைந்திருக்கும் குறை ஒரே பிள்ளையிடம் வந்து கூடும் வாய்ப்பு மிகுதி. மெண்டலின் குட்டைச்செடி இவ்வாறும் திரும்பும்.

இதனை யாம் நூலில் மட்டும் படித்ததாகக் கூறினால் பொய்யாகும். கடற்கரையில் உள்ள எம் ஊரில் பெண்ணை அடுத்த தெருவுக்குக் கொடுக்கவே தயங்குவர். எம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இரு வீடுகளுக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்தனர். 'நம் இரத்தம் கலப்பற்றது' என்பது எம் பாட்டனார் வாய்ச்சொல். எம் மாமா மகளுக்குப் பிறந்த குழந்தைகள் இருவருக்கும் பிறவியிலேயே செவிப்புலன் இல்லை. உறவுக்குள் மணத்தலை மார்க்கம் அனுமதித்துள்ளதே என்று முதியோர் கூறினர். அனுமதித்தது உண்மை, கட்டளையிடவில்லை என்பதும் உண்மை. மரபணு மருத்துவர் வரைந்து காட்டிய குடும்ப மரத்தை அன்று விரித்துப் பார்த்த எம் மாமா நெடுநேரம் பேசவில்லை.

அக்குழந்தைகளின் தங்கை, செவிப்புலன் உடையவள், சென்ற ஆண்டு மணமுடித்தாள். மணமகன் உள்நாட்டு ஊரொன்றைச் சேர்ந்தவர்; எம் வீட்டுக்கு முன்பின் உறவில்லாதவர். 'எந்த ஊர், எந்தத் தெரு' என்று முணுமுணுத்தோரும் வந்து விருந்துண்டு சென்றனர். தகப்பனை எம் வீட்டார் 'வாப்பா' என்போம். மணமகன் வீட்டார் 'அத்தா' என்பர். பிறக்கப்போகும் பிள்ளை எப்படி அழைக்கும் என்பதே இப்போது இரு வீட்டாருக்கும் வழக்கு.