அறிவொளி கலைக்குழு: மேடையே இல்லாமல் ஒரு மாவட்டத்தைப் படிக்கக் கூப்பிட்ட இளைஞர்கள்

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா? 50 வயது தாண்டிய சித்தி, பெரியம்மா யாரிடமாவது 'அறிவொளி' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சைக்கிள் கதை வரும். கொஞ்சம் கிளறினால், தெருவில் நாடகம் பார்த்த கதையும் வரலாம்.

சைக்கிள் கதை புத்தகத்தில் ஏறி உலகப் புகழ் பெற்றுவிட்டது. நாடகம் போட்ட பசங்களைப் பற்றித்தான் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 39 சதவீதம்தான். அதே காலகட்டத்தில்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் சூடுபிடித்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். அரசு நிர்வாகமும் அறிவியல் இயக்கத்தினரும் தன்னார்வலர்களும் கைகோத்து இறங்கினார்கள்.

ஆனால், நாள் முழுக்க வயலிலும் கல்குவாரியிலும் வேலை பார்த்துவிட்டு வரும் ஒருவரிடம் போய், "ராத்திரி பாடம் படிக்க வாங்க" என்றால் வருவாரா? நோட்டீஸ் அடித்தால் அதைப் படிக்கத் தெரியாது. அதற்குத்தான் கலைப்பயணம்.

யோசனை எங்கிருந்து வந்தது?

கேரளத்திலிருந்து. அங்கே சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-ல் பாட்டும் நாடகமுமாக 'கலா ஜாதா' ஒன்றைக் கிளப்பியது. அறிவியலை ஊர் ஊராகக் கொண்டுபோவதுதான் நோக்கம். 1990 அக்டோபர் 2 முதல் நவம்பர் 14 வரை நாடு முழுக்க நடந்த பாரத் ஞான விஞ்ஞான ஜாதா, அதே முறையை எழுத்தறிவுக்குப் பயன்படுத்தியது. தமிழில் அதுவே கலைப்பயணம் ஆனது.

தமிழ்நாட்டிலும் இதற்கு மண் தயாராகத்தான் இருந்தது. 1980-ல் பாதல் சர்க்கார் சென்னைப் பக்கம் வந்து பட்டறை நடத்தியிருந்தார். சென்னைக் கலைக்குழு போன்றவை வீதி நாடகம் போட்டுக்கொண்டிருந்தன. மேடையும் சீனும் இல்லாமல் நாடகம் போட முடியும் என்பது அதற்குள் பழகிப்போன விஷயம்.

ஒரு சாயங்காலம் எப்படி இருக்கும்?

குழுவில் உள்ளவர்கள் பெரும்பாலும் உள்ளூர் வாலிபர்கள். படித்துவிட்டு வேலை தேடுபவர், கல்லூரி மாணவர், இளம் வாத்தியார் என்று கலந்திருப்பார்கள். சில நாள் பயிற்சி, அப்புறம் நேரே ஊர்தான். முதலில் தப்பு அடிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் ஓடி வரும், பின்னாலேயே அம்மாக்கள் வருவார்கள். ஒரு பாட்டு. கூட்டம் வட்டமாக நின்றதும் அதன் நடுவிலேயே நாடகம்.

கதை சிக்கலானதாக இருக்காது. கந்துவட்டிக்காரர் நீட்டும் தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழப்பவர், பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் வேறு ஊரில் போய் இறங்குபவர் மாதிரியான சங்கதிகள்தான். பார்க்கிறவர்களுக்கு அது நாடகமாகத் தெரியாது, பக்கத்து வீட்டுச் சங்கதியாகத் தெரியும். ஆட்கள் சிரித்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று அமைதியாவார்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் நாடகம் வேலை செய்தது. கூட்டம் கலைவதற்குள், யார் படிக்க வர்றீங்க, யார் சொல்லிக்கொடுக்க வர்றீங்க என்று பேச்சை ஆரம்பித்துவிட வேண்டும். விட்டால் மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள்.

சாப்பாடு, படுக்கை எல்லாம் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வது வழக்கம். அங்கேதான் இன்னொரு சங்கடமும் இருந்தது. வயசுப் பெண்ணை ராத்திரியில் ஊர் ஊராக ஆட, பாட அனுப்ப எந்த வீடு லேசில் ஒத்துக்கொள்ளும்? நடித்த பெண்கள், தெருவுக்கு வருவதற்கு முன்னால் வீட்டு வாசலில் ஒரு போராட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

சைக்கிள் இதில் எப்படி வந்தது?

பாடம் சொல்லித்தரும் பெண்கள் பஸ்ஸை நம்பி இருக்க முடியாது. அதனால் சைக்கிள் ஓட்டப் பழகுவதும் இயக்கத்தின் பகுதியானது. அதற்கும் பாட்டு வந்தது. கிண்டல் செய்தவர்களுக்கு அந்தப் பாட்டே பதில். பத்திரிகையாளர் பி.சாய்நாத் கணக்குப்படி, மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையும் ஓட்டினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்திருந்தது, முன்பக்கக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

அப்புறம் என்ன ஆச்சு?

1992-ல் புதுக்கோட்டை 'முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம்' என்று அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு குறிப்பிட்ட வயதுக்காரர்களை மனதில் வைத்துச் செய்தது, எல்லோரையும் சேர்த்து அல்ல. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 77 சதவீதம். விழா முடிந்ததும் வேகம் குறைவது அரசுத் திட்டங்களுக்குப் புதிதில்லை. படித்ததை மறக்காமல் இருக்கத் தொடர்ந்து வாசிக்க ஏதாவது வேண்டும், கற்றுத்தர ஆள் வேண்டும்.

கலைக்குழுவின் நிலைமை இன்னும் மோசம். கம்பெனி நாடகத்துக்கு முதலாளி உண்டு, சபா நாடகத்துக்கு டிக்கெட் உண்டு. இவர்களுக்கு இருந்தது ஒரு இயக்கம் மட்டும். அது ஓய்ந்தால் குழுவும் ஓயும். எத்தனை பேர் கையெழுத்துப் போடக் கற்றார்கள் என்று எண்ண அரசிடம் படிவம் இருந்தது. தப்பு அடித்தவர் யார், கந்துவட்டிக்காரராக நடித்தவர் யார் என்று கேட்கும் படிவம் எதுவும் கிடையாது.

முறை மட்டும் சாகவில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, தமிழக அரசு வாட்ஸ்அப்பை மட்டும் நம்பவில்லை. தப்பும் பாட்டுமாக மறுபடியும் கலைக்குழுக்களை ஊர் ஊராக அனுப்பியது.