டூட்டி சந்த்: ஓட்டமும் வழக்கும்

நூறு மீட்டர் ஓட்டம் பார்க்க உட்கார்ந்தவருக்குத் தும்மல் ஒன்று வந்தால் போதும். பந்தயத்தில் பாதி போய்விடும். 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பஹ்ரைன் வீராங்கனை 11.30 வினாடியில் முதலில் வந்தார். நம் நாட்டு டூட்டி சந்த் 11.32 வினாடியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இந்த நூறில் இரண்டு பங்கு வினாடியைப் பற்றிப் பலரும் பேசினார்கள். ஆனால் அந்தப் பெண் மைதானத்தில் நிற்பதற்கே ஒரு வழக்கு நடத்த வேண்டியிருந்தது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

டூட்டி சந்த் 1996-இல் ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் ஓர் ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அக்காள் ஓட்டக்காரி, அவரைப் பார்த்துத் தங்கையும் ஓடினார். பத்து வயதில் அரசு விளையாட்டு விடுதியில் சேர்ந்தார். 2013-இல் உக்ரைனின் டொனெட்ஸ்க் நகரில் நடந்த உலக இளையோர் தடகளப் போட்டியில் நூறு மீட்டர் இறுதிச் சுற்றுக்கு வந்தார். உலக அளவிலான நூறு மீட்டர் ஓட்டத்தில் அதுவரை இந்தியர் எவரும் இறுதிச் சுற்றை எட்டியதில்லை. மறு ஆண்டு தைப்பேயில் ஆசிய இளநிலைப் போட்டியில் 200 மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் தங்கம்.

அதே 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குப் புறப்பட இருந்த நேரத்தில் அவரை அணியிலிருந்து நீக்கினார்கள். அவர் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அதிகம் என்பது காரணம். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

இந்த ஹார்மோன் ஆணுக்கு மட்டும் உரியதன்று. பெண்ணின் உடலிலும் சினைப்பைகளும் அட்ரீனல் சுரப்பிகளும் அதைச் சுரக்கின்றன. அதை நானோமோல் என்னும் அலகில் அளக்கிறார்கள். ஒரு மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு. பெரும்பாலான பெண்களுக்கு ஒரு லிட்டர் இரத்தத்தில் இரண்டு நானோமோலுக்குள் இருக்கும். ஆண்களுக்கு எட்டிலிருந்து முப்பது வரை போகும். சில பெண்களுக்குப் பிறவியிலேயே இது கூடுதலாக இருப்பதுண்டு. சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 2011-இல் ஒரு விதி செய்து, பெண்களுக்குப் பத்து நானோமோல் என்று வரம்பு கட்டியது. வரம்பு மீறினால் மருந்தாலோ அறுவை மருத்துவத்தாலோ குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஓடக் கூடாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஹார்மோன் ஒரு சாவி. உயிரணுவில் உள்ள ஏற்பி அதற்குரிய பூட்டு. பூட்டுச் சரியில்லையென்றால் சாவிக்கொத்தே வைத்திருந்தாலும் கதவு திறக்காது. சிலர் உடல் இந்த ஹார்மோனை ஏற்பதே இல்லை. ஆகவே இரத்தத்தில் உள்ள எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருக்கு எவ்வளவு வலிமை கூடியது என்று சொல்லிவிட முடியாது. விதி எழுதியவர்களும் இதை அறிந்து விலக்கு வைத்திருந்தார்கள். ஆனால் விலக்கு வேண்டுமென்றால் அந்தப் பெண்ணே சோதனைகளுக்கு உட்பட்டு நிரூபிக்க வேண்டும்.

டூட்டி சந்த் மருந்துக்கு இணங்கவில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தேர்ந்த ஆண் வீரருக்கும் பெண் வீரருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு விழுக்காடு. இயற்கையாக ஹார்மோன் மிகுந்த பெண்ணுக்கு அவ்வளவு அனுகூலம் கிடைக்கிறது என்று சம்மேளனம் நிரூபிக்கவில்லை என்றது மன்றம். விதி நிறுத்தி வைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் சான்று கொண்டு வரும்படி சம்மேளனத்துக்கு அவகாசம் தரப்பட்டது.

சான்று என்று 2017-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், 800 மீட்டர், சம்மட்டி எறிதல், கோலூன்றித் தாண்டுதல் ஆகியவற்றில் ஹார்மோன் மிகுந்த பெண்கள் சற்று மேலாகச் செய்ததாக அது கூறியது. 100, 200 மீட்டரில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. 2018-இல் புதிய விதி வந்தது. 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரை உள்ள ஓட்டங்களுக்கு மட்டும் அது பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், ஆய்வில் இருந்த சம்மட்டியும் கோலும் விதியில் இல்லை; ஆய்வு சுட்டாத 1500 மீட்டர் விதியில் இருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு முடிவு எழுதிக் கொடுத்தால் பேராசிரியர் திருப்பி எறிந்திருப்பார். 2021-இல் அந்த ஆய்வாளர்களே, தங்கள் முடிவு காரண காரியத் தொடர்பை நிறுவவில்லை என்று திருத்தம் வெளியிட்டார்கள்.

நூறு மீட்டர்காரியான டூட்டி சந்த் தப்பினார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. செங்கற்சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண்ணான அவர் 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருக்காக லோசானுக்கு யாரும் போகவில்லை. பிற்காலத்தில் அவரும் செங்கற்சூளையில் வேலை செய்ய நேர்ந்தது.

தீர்ப்புக்குப் பின் டூட்டி சந்த் ஓடியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார், 1980-இல் பி. டி. உஷாவுக்குப் பிறகு நூறு மீட்டருக்குச் சென்ற இந்தியப் பெண் அவரே. முதற் சுற்றோடு திரும்பினார். ஜகார்த்தாவில் 200 மீட்டரிலும் ஒரு வெள்ளி. 2019-இல் நேபிள்ஸ் நகரில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் நூறு மீட்டர் தங்கம். நேரம் அதே 11.32. நம்மைப் போல் மாணவராகத்தான் அங்கே போனார். 2021 ஜூனில் பாட்டியாலாவில் 11.17 ஓடித் தேசிய சாதனை படைத்தார்.

பிறகு வந்தது கசப்பான செய்தி. 2022 டிசம்பரில் எடுத்த மாதிரிகளில் தடை செய்யப்பட்ட மருந்துகள் இருந்தன. அறியாமல் நேர்ந்தது என்று அவர் வாதாடினார். விசாரணைக் குழு ஏற்கவில்லை. 2023 ஜனவரி 3 முதல் நான்கு ஆண்டுத் தடை. அன்று விடுதிச் சாப்பாட்டு மேசையில் ஒரு நண்பர், "பார்த்தீரா, 2014-இல் சந்தேகப்பட்டது சரிதானே?" என்றார். சரியன்று. முன்னது உடல் தானே சுரந்தது. அதற்காக அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. பின்னது ஆலையில் செய்த கள்ளச் சாவி. அதே பூட்டைத் திறக்க வெளியிலிருந்து உட்கொள்வது. இதற்குத் தண்டனை உண்டென்பது எல்லாருக்கும் தெரியும். பின்னதைக் காட்டி முன்னதை நியாயப்படுத்துவது கணக்காகாது.

2023 மார்ச்சில் சம்மேளனம் வரம்பை 2.5 நானோமோலாகக் குறைத்து எல்லாப் பந்தயங்களுக்கும் விரித்தது. நூறு மீட்டருக்கு இருந்த விலக்கு அத்துடன் போயிற்று. 2025 செப்டம்பர் முதல் உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்புவோர் ஒருமுறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று விதி வந்தது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்தாலே போதுமாம். டூட்டி சந்தின் தடைக் காலம் 2027 ஜனவரி தொடக்கம் வரை. அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்.