தம்பிக்கு ஒரு ஹெட்செற்

கொக்குவிலில் உள்ள நம் உறவினர் ஒருவரின் இல்லத்துக்குச் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிற் சென்றிருந்தோம். முற்றத்தில் நின்று மூன்று முறை குரல் கொடுத்தும் உள்ளிருந்து பதில் இல்லை. கதவோ திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தபோது, அவ்வீட்டு இளைய மகன், க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிப்பவன், சிவப்பு விளக்கெரியும் இரண்டு கிண்ணங்களைக் காதுகளின்மேற் கவிழ்த்துக்கொண்டு கணினியின் முன் வீற்றிருந்தான். "இடப்பக்கம், இடப்பக்கம்! படியாலை ஏறுறான்!" என்று யாருக்கோ ஆணையிட்டவண்ணம் இருந்தான். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோழர்களோ அவன் ஆணையைச் சிறிதும் மதித்ததாகத் தெரியவில்லை. காரணம் சற்று நேரத்தில் விளங்கிற்று. அவர்களுக்கு அவன் குரல் கேட்கவேயில்லை!

"புதிசா வேண்டி ஒரு கிழமையும் ஆகேல்லை அண்ணை. மைக் வேலை செய்யுதில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டினமாம்" என்று தந்தையார் குறைப்பட்டுக்கொண்டார். பிள்ளையின் கணினி விளையாட்டு அவருக்கு உவப்பானதன்று. ஆயினும், 2020 ஆம் ஆண்டிற் பள்ளிகள் மூடப்பட்ட நாள்முதல் வகுப்புகள் பல திரையினூடாக நடக்கக் கண்டவர் ஆகையால், அப்பொருள் வீட்டுக்குத் தேவையானதே என்று ஒருவாறு மனந்தேறியிருந்தார். ஹெட்செற் என்பதற்குத் தமிழிற் செவிப்பன்னி என்றும் காதொலிப்பான் என்றும் பல பெயர்கள் சூட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கடையிற் போய் 'செவிப்பன்னி' கேட்டால் மருந்துக்கடைக்குத்தான் வழி காட்டுவார்கள். ஆதலின் நாமும் ஹெட்செற் என்றே எழுதுவோம்.

அக்கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தோம். அதிலிருந்து இரண்டு வால்கள் புறப்பட்டன. ஒன்று சிறிய வட்டப் பிளக். மற்றையது தட்டையான யூ.எஸ்.பி. முனை. வட்டப் பிளக்கின் உலோகத் தண்டில் எத்தனை கருவளையங்கள் உள்ளன என்று எண்ணுமாறு தம்பியிடம் கூறினோம். மூன்று என்றான். நோய் அங்கேதான் இருந்தது. இரண்டு வளையம் உள்ள பிளக் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் ஒலியை மட்டும் கொண்டுசெல்லும். மூன்று வளையம் உள்ளது அவற்றோடு மைக்கின் குரலையும் சேர்த்தே சுமக்கும். கைத்தொலைபேசிகளில் இவ்வகைப் பிளக்குக்கு ஏற்ற ஒரே துளை இருக்கும். மேசைக் கணினிகள் பலவற்றின் முதுகிலோ ஒலிக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என இரண்டு துளைகள் இருக்கின்றன. தம்பி தன் ஒற்றைப் பிளக்கைப் பச்சைத் துளையிற் செருகியிருந்தான். ஒலி வந்தது, குரல் போகவில்லை.

"அப்ப இந்த யூ.எஸ்.பி. என்னத்துக்கு?" என்று கேட்டான். அதைக் கழற்றிக் காட்டினோம். சிவப்பு விளக்குகள் அணைந்தன. ஒலியோ முன்போலவே கேட்டது. அவன் பெருமையோடு செருகி வைத்திருந்த அந்த முனைக்கு விளக்கெரிப்பதைத் தவிர வேறு தொழிலே இல்லை! மலிவான ஹெட்செற்றுகளிற் பல இப்படித்தான். உண்மையான யூ.எஸ்.பி. ஹெட்செற் தன்னுள்ளேயே ஒலியை ஆக்கும் சிறு மின்சுற்றைக் கொண்டது; அதற்கு வட்டப் பிளக்கே வேண்டியதில்லை. ஒற்றைப் பிளக்கை இரண்டாகப் பிரிக்கும் சிறு கவர்வயர் ஒன்று வாங்கிக் கொடுத்ததும் தம்பியின் படையணிக்குத் தளபதியின் குரல் கேட்கத் தொடங்கிற்று. அது ஹெட்செற்றின் விலையோடு ஒப்பிட மிக அற்பமான செலவு.

இந்த வட்டப் பிளக்கின் பரம்பரை சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தொலைபேசி இணைப்பகங்களில், ஒருவரின் தொடுப்பைப் பிடுங்கி மற்றொருவரின் துளையிற் செருகும் பெண்களின் கையில் இருந்த தடித்த முனையே இதன் பாட்டன். நம் மேசையில் இருக்கும் 3.5 மில்லிமீற்றர்ப் பிளக் அதன் குள்ளப் பேரன். ஹெட்போனும் அங்கும் கடற்படையிலும் பிறந்து வளர்ந்ததே. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் போல்ட்வின் என்பவர் 1910 இல் அக்கடற்படைக்குச் செய்துகொடுத்தவை புகழ்பெற்றவை. இசை கேட்பதற்கென்றே இருகாது ஸ்ரீரியோ ஹெட்போனை 1958 இல் ஜோன் கொஸ் வெளிக்கொணர்ந்தார்.

"வயர் இல்லாததை வேண்டியிருக்கலாமோ?" என்று தந்தையார் ஐயுற்றார். பாட்டுக் கேட்பதற்கு அது வசதியே. விளையாட்டுக்கு அன்று. புளூரூத் வழியே செல்லும் ஒலி, சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, மீண்டும் விரிக்கப்படுவதால், பொதுவாக 100 முதல் 200 மில்லிசெக்கன் வரை பிந்திக் காதை அடைகிறது. படம் பார்க்கையில் கருவிகள் காட்சியையும் அதற்கேற்பப் பிந்தவைத்து ஈடுசெய்துவிடும். விளையாட்டில் அப்படிச் செய்ய இயலாது. எதிரியின் காலடியோசை கேட்கும்போது எதிரி கதவைத் தாண்டியிருப்பான். தாமதம் குறைந்த தனி வாங்கியோடு வரும் வயரற்ற ஹெட்செற்றுகளும் உண்டு. அவை விலையில் ஏறியவை. மேலும், வயரற்றதன் உள்ளிருக்கும் மின்கலம் சில ஆண்டுகளிற் சோர்ந்துவிடும். வயருள்ளதற்குச் சோர்வதற்கு மின்கலமே இல்லை. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதையும், இறக்குமதிப் பொருளின் விலைச்சீட்டுகள் கிழமைக்குக் கிழமை மாறியதையும் கண்ட நம் குடும்பங்களுக்கு நீடித்து உழைக்கும் பொருளின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

தம்பியின் மூத்த சகோதரி பல்கலைக்கழகத்திற் பயில்பவள். அவளுக்கும் ஒன்று வாங்கவேண்டியிருந்தது. மாலையில் அது தம்பியின் கைக்கும் வரும் என்பது எழுதாத ஒப்பந்தம். இம்முறை "நீங்களும் வாருங்கோ" என்று நம்மையும் யாழ் நகருக்கு அழைத்துச் சென்றனர்.

முதற்கடை இளைஞர் ஒரு பெட்டியை முன்வைத்தார். "அண்ணை, இது ஏழு தசம் ஒண்டு. சுத்திவர நிண்டு சத்தம் வரும்" என்றார். பெட்டியினுள் ஏழு ஒலிபெருக்கிகளா இருக்கின்றன? காதுக்கு ஒன்றாக இரண்டே. மற்றவை கணக்கினால் ஆக்கப்படும் மாயை. அம்மாயை பொய்யன்று, ஆயினும் அதற்கெனத் தனிப்பணம் கொடுக்கத் தேவையில்லை. நமக்கு இறைவன் தந்ததும் இரண்டு காதுகளே அல்லவா? ஒரு பக்கத்திலிருந்து வரும் ஓசை அப்பக்கத்துக் காதை முந்தியும், தலையைச் சுற்றி மற்றக் காதைச் சற்றே பிந்தியும் அடைகிறது. அவ்வேறுபாடு மிகக் கூடினாலும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. அத்துணை நுண்ணிய வேறுபாட்டையும், ஒலியின் வலிமை வேறுபாட்டையும் கொண்டே மூளை திசை அறிகிறது என்று றேலி பிரபு 1907 இல் விளக்கினார். விளையாட்டை அமைப்போர் இக்கணக்கை ஒலியிலேயே சேர்த்துவிடுகின்றனர். விண்டோஸ் கணினியிலும் இதற்கான வசதி இலவசமாகவே உண்டு. ஆகவே இரண்டு காதுக்கும் தெளிவாகவும் சமமாகவும் ஒலிக்கும் சாதாரண ஹெட்செற்றே போதுமானது. உள்ளிருக்கும் ஒலித்தட்டு 40 மில்லிமீற்றரா 50 மில்லிமீற்றரா என்பதும் அத்தனை பெரிய காரியமன்று. பெரிய குடத்தில் இருப்பதெல்லாம் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. 'ஓம்' என்று குறித்திருக்கும் எண் 32 அளவில் இருந்தால் கைத்தொலைபேசியும் அதனை எளிதில் இயக்கும். 250 ஓம் உள்ளவை ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு உரியவை; அவற்றுக்குத் தனிப் பெருக்கி வேண்டும்.

நம் குடாநாட்டுக்கென்றே சில கவலைகள் உண்டு. பெட்டியில் அவை எழுதப்படுவதில்லை. முதலாவது வெக்கை. பளபளக்கும் செயற்கைத் தோல் உறையிட்ட மெத்தைகள் சித்திரை வெயிலில் அரைமணி நேரத்திற் காதைச் சுற்றி வியர்வையைத் தேக்கிவிடுகின்றன. ஓரிரு ஆண்டிற் கரிய செதில்களாக உரிந்து கழுத்தில் ஒட்டுகின்றன. துணியுறை மெத்தை சிறந்தது. கழற்றிக் கழுவத்தக்கதாயின் மிகச் சிறந்தது. அடுத்தது பாரம். 300 கிறாமுக்கு மேற்பட்டதைக் கடையிற் சுமப்பது எளிது. இரண்டு மணிநேரம் சுமப்பது கழுத்துக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடி அணிந்த பிள்ளையாயின் கண்ணாடியோடே போட்டுப் பார்க்கவேண்டும். சகோதரி கண்ணாடி அணிபவள். முதலிற் பிடித்த ஒன்றை அவள் இதனாலேயே கைவிட்டாள்.

பின்னர் இரைச்சல். மின்விசிறி, அயல்வீட்டுச் சேவல், திருவிழாக் காலத்து ஒலிபெருக்கி, மாலையில் மணியொலிபோல் இசையெழுப்பி ஒழுங்கைக்குள் வரும் பாண் ஓட்டோ என்பன நம் வீட்டு ஓசைகள். காதை முற்றாக மூடும் கிண்ணமுள்ள ஹெட்செற்றை நாம் விரும்புவது இதனால்தான். வெளியோசையைத் தடுக்காத கிண்ணமாயின் பிள்ளை என்ன செய்யும்? ஒலியைக் கூட்டும். பெற்றோர் பலர் விலையைப் பார்க்கின்றனர், வயரைப் பார்க்கின்றனர், அந்த ஒலியின் அளவைப் பார்ப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணிநேரம் என்றும், சிறுவர்க்கு 75 டெசிபலை அதே 40 மணிநேரம் என்றும் எல்லை வகுத்துள்ளது. எல்லைக்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் கேட்கத்தக்க நேரம் பாதியாகிறது. 80 இல் 40 மணிநேரம் எனின், 83 இல் 20. 86 இல் 10. 89 இல் 5 மணிநேரமே. கணினி விளையாட்டைப் பற்றி ஒன்பது நாடுகளில் நடந்த 14 ஆய்வுகளைத் தொகுத்து 2024 தை மாதத்தில் வெளிவந்த கட்டுரை, விளையாடுவோர் கேட்கும் ஒலி பெரும்பாலும் இவ்வெல்லையை அண்மியோ கடந்தோ இருக்கிறது என்று எச்சரித்தது. உட்செவியில் ஓசையை உணரும் மயிர்க்கலங்கள் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 மட்டுமே. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

தாய்மாருக்கு டெசிபல் மானி தேவையில்லை. பிள்ளைக்கு ஒரு கையெட்டும் தூரத்தில் நின்று இயல்பான குரலிற் பேசுங்கள். அவனுக்குச் சற்றும் கேட்கவில்லை என்றாலும், அவன் காதுக்கிண்ணத்து வெடியோசை உங்களுக்குக் கேட்கிறது என்றாலும் ஒலி அதிகம். கருவியின் அளவுகோலில் நூற்றுக்கு 60 ஐத் தாண்டாதிருப்பது நல்லது. விளையாடி முடித்தபின் காதுக்குள் 'கிண்' என்று இரைகிறதா என்று கேளுங்கள். இரைகிறது என்பானாயின் அன்றே குறைக்கவேண்டும், இரைச்சல் நீடித்தால் வைத்தியரை நாடவேண்டும். முற்றத்தில் நாம் மூன்று முறை அழைத்ததை நினைவூட்டியபோது தம்பி தலைகுனிந்தான். அளவுகோல் நூறில் நின்றது.

அப்பொழுது தந்தையார் தம் சிறுபிராயத்தை எடுத்துரைத்தார். 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மின்கலங்களும் வரவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலியை இயக்கினார்கள். பீ.பீ.ஸி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வேரித்தாஸும் கேட்டார்கள். அண்ணன் சுழற்ற இவர் கேட்பாராம். இவர் சுழற்ற அண்ணன் கேட்பாராம். பெரிய ஒலிபெருக்கியில் ஒலி சோர்ந்துபோகும் வேளையில் ஒற்றைக்காதுக் குமிழ் ஒன்றைச் செருகுவார்கள். அதற்குச் சிறிதளவு மின்சாரமே போதும். "கை ஓய்ஞ்சா செய்தியும் ஓய்ஞ்சிடும்" என்றார். தம்பி அன்றுவரை இதைக் கேட்டதில்லையாம். கணினியை விட்டெழுந்து, அந்தக் குமிழ் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டான். இடப்பெயர்விலே போய்விட்டதாம்.

சகோதரிக்கு வாங்கியது விளக்கற்ற, துணி மெத்தையுள்ள, வளையத்தக்க மைக் கொண்ட கருநிற ஹெட்செற். கடையிலேயே நம் கைத்தொலைபேசியிற் செருகி, இடமும் வலமும் மாறாமல் ஒலிக்கின்றனவா என்று பார்த்தோம். குரலைப் பதிவுசெய்து கேட்டோம். பிளக்கின் கழுத்தைப் பிடித்து மெல்ல அசைத்துக் கரகரப்பு உண்டா என்று சோதித்தோம். வயர் ஒடிவது பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான். பற்றுச்சீட்டில் உத்தரவாதக் காலத்தை எழுதுவித்த பின்னரே பணம் கொடுத்தோம்.

தம்பியின் சிவப்பு விளக்குப் பொருளுக்கு ஆடி மாதத்தில் இடக்காது நின்றுபோயிற்று. தந்தையார் அதை எறியவிருந்தார். திருநெல்வேலியிலுள்ள முதிய றேடியோத் திருத்துநர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் பிளக்கின் கழுத்தை வெட்டி, உள்ளிருந்த முடியிழை போன்ற செப்புக் கம்பிகளை ஈயப்பற்று வைக்கும் கோலின் நுனியாற் சுட்டார். அக்கம்பிகளின்மேல் வண்ணப் பூச்சு உண்டு. அதைச் சுட்டு நீக்காமற் பற்று ஒட்டாது. கால்மணி நேரத்திற் புதிய பிளக் பொருந்திவிட்டது.

அன்று மாலை ஐந்து மணிக்கு அதைச் சோதித்தார்கள். ரொறன்ரோவிலுள்ள மைத்துனன் காலை ஏழரை மணிக்குக் கண்விழித்து இணைப்பில் வந்தான். தம்பி அளவுகோலைப் பாதியில் வைத்திருந்தான். "இப்ப கேக்குதோ?" என்றான். கேட்கிறது என்று பதில் வந்தது. ஒரு கணம் மௌனம். பின்பு மறுமுனையிலிருந்து, "டேய், உங்கடை ஒழுங்கைக்குப் பாண்காரன் வந்திட்டானோ?" என்று மைத்துனன் கேட்டான்.