கிளாராவின் சொந்தச் சம்பாத்தியம்

1854 பிப்ரவரியில் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான், ஜெர்மனியின் ட்யூசல்டார்ஃப் நகரில் ரைன் ஆற்றில் குதித்தார். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மனநோய் விடுதிக்குப் போனவர் கடைசிவரை வீடு திரும்பவில்லை. பியானோ கலைஞரான மனைவி கிளாராவுக்கு அப்போது வயது 34. வீட்டில் ஆறு குழந்தைகள், வயிற்றில் ஒன்று. நண்பர்கள் பண உதவி செய்ய முன்வந்தபோது கிளாரா மறுத்துவிட்டார். பிரசவம் முடிந்து சில மாதங்களிலேயே கச்சேரிப் பயணம் கிளம்பினார்.

கணவரின் நினைவுக்காகவே வாழ்ந்த விதவை என்று இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம். ராபர்ட்டின் இசையை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மறுப்புக்குப் பின்னால் இருந்தது, கையில் தொழில் இருந்தவரின் தன்மானம்.

அந்தத் தொழில் குழந்தைப் பருவத்திலேயே கைக்கு வந்தது. 1819இல் லைப்சிக் நகரில் பிறந்த கிளாராவின் தந்தை ஃப்ரீட்ரிஷ் வீக், பியானோ ஆசிரியர். பியானோ வியாபாரமும் செய்தவர். மகளை மேதையாக்கியே தீர்வது என்று முடிவு கட்டியவர். பெற்றோர் பிரிந்தபோது, சட்டப்படி குழந்தை தந்தையிடமே போனது. ஒன்பது வயதில் லைப்சிக்கின் புகழ்பெற்ற கெவண்ட்ஹௌஸ் அரங்கில் மேடையேற்றம், பதினோரு வயதில் அங்கேயே தனிக் கச்சேரி. மகளுடைய நாட்குறிப்பைக்கூட, அவளே எழுதுவதுபோல ‘நான்’ என்று போட்டுத் தந்தையே எழுதினார். படிக்கும்போது கோபம் வருகிறது. ஆனாலும் அறுபது ஆண்டுகள் மேடையில் நிற்கக்கூடிய கைகளை உருவாக்கியதும் அதே மனிதர்தான்.

பதினெட்டு வயதில் வியன்னா அவரைக் கொண்டாடியது. அரசவைக் கலைஞர் பட்டமும் தந்தது. தாளைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசிப்பது அன்று வழக்கமில்லை. கிளாரா அப்படி வாசித்தபோது எழுத்தாளர் பெட்டினா ஃபான் ஆர்னிம் அதைத் திமிர் என்றார். இன்று பார்க்காமல் வாசிப்பதுதான் தனிக் கச்சேரிகளில் வழக்கம்.

வீக் காதலை எதிர்க்க, ராபர்ட்டும் கிளாராவும் நீதிமன்றப் படியேறி, 1840இல், கிளாராவுக்கு 21 வயது நிறைவதற்கு முந்தைய நாள் மணம் முடித்தார்கள். கணவர் இசையமைக்கும் நேரத்தில் மனைவி சாதகம் செய்ய முடியாது. பக்கத்து அறைச் சத்தம் அவருக்கு இடைஞ்சல். பதின்ம வயதிலேயே பியானோ கான்சர்ட்டோ எழுதி, இசையமைப்பாளர் மெண்டல்சன் இசைக்குழுவை நடத்தத் தானே வாசித்தவருக்கு, சொந்த வீட்டில் பியானோவைத் திறக்க நேரம் பார்க்கவேண்டிய நிலை. எட்டுப் பிள்ளைப்பேறு அதற்கு நடுவே. 1856இல் ராபர்ட் இறந்த பிறகு கிளாரா இசையமைப்பதை ஏறக்குறைய விட்டேவிட்டார்.

மேடையை மட்டும் விடவில்லை. குளிர்காலமெல்லாம் ரயில், விடுதி, கச்சேரி. இங்கிலாந்துக்கு மட்டும் எத்தனையோ முறை. பிள்ளைகளில் ஒருவர் மனநல விடுதியில். மூவர் அவர் கண்முன்னே, வளர்ந்த வயதில் இறந்தார்கள். பேரப்பிள்ளைகளின் செலவும் அவர் தலையில்தான். கை வலியால் மாதக்கணக்கில் வாசிக்க முடியாத காலங்கள் வேறு.

1878இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஹோக் இசைக் கல்லூரி அழைத்தபோது, நிபந்தனைகளை வைத்தவர் கிளாராதான். நாளுக்கு ஒன்றரை மணி நேரமே பாடம், அதுவும் தன் வீட்டில். குளிர்காலத்தில் கச்சேரிக்குப் போக விடுப்பு. எல்லாவற்றுக்கும் தலையசைத்தார் இயக்குநர் யோவாக்கிம் ராஃப். பெண்களை ஆசிரியராக எடுப்பதில்லை என்ற எண்ணம் கொண்ட அவர், திருமதி ஷூமானை மட்டும் ஆண்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வதாக எழுதினார். பாராட்டு என்றே நினைத்திருப்பார்.

மகள்கள் மரீயும் ஒய்கேனியும் மாணவர்களைத் தயார் செய்து அனுப்புவார்கள். அதன்பிறகே அம்மாவிடம் பாடம். கட்டையை ஓங்கி அடிக்கக் கூடாது. விரலைக் கட்டையோடு ஒட்டியே வைத்து அழுத்தவேண்டும், மணிக்கட்டு தளர்வாக இருக்கவேண்டும். வேகம் காட்டிக் கைதட்டல் வாங்குவது அவருக்குப் பிடிக்காது. இசையமைப்பாளர் எழுதியது எழுதியபடி ஒலிக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். உலகின் பல திசைகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள், பெண்கள் நிறையப் பேர். பியானோவை நம்பிப் பிழைக்கலாம் என்பதற்கு ஆசிரியையே கண்கண்ட சாட்சி.

1891இல் கடைசிப் பொதுக் கச்சேரி, மறு ஆண்டு கல்லூரிப் பணியும் முடிந்தது, 1896இல் மரணம். கிளாரா வாசித்த ஒலிப்பதிவு ஒன்றுகூட நமக்கு இல்லை. ஆனால் மாணவி ஃபேனி டேவிஸ் 1928இல் பதிவு செய்த ராபர்ட்டின் கான்சர்ட்டோ இருக்கிறது. மற்றொரு மாணவி அடலீனா டி லாரா முதுமையில் வாசித்த பதிவுகளும் கிடைக்கின்றன. அவசரமில்லாமல், ஒவ்வொரு இசையிழையும் தனித்துக் கேட்கும் வாசிப்பு. இன்னொரு மாணவர் கார்ல் ஃப்ரீட்பெர்க் அமெரிக்கா போய் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் பாடம் சொன்னார். 1950இல் அவரிடம் பயின்ற கறுப்பின இளம்பெண் ஒருத்தி, பின்னாளில் நீனா சிமோன் என்ற பெயரில் உலகறிந்த பாடகியானார்.