கூலருக்குள் தொலைந்த ரப்பர் துண்டு

மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. மண்டபம் கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த பழைய விசைப்படகு ஒன்றின் இன்ஜின் அறையிலிருந்து கறுப்பு ரப்பர் சக்கரம் ஒன்றை வெளியே நீட்டினார் மெக்கானிக். கடல்தண்ணீரை உறிஞ்சும் பம்பின் இம்பெல்லர் அது.

"பன்னிரண்டு இறகு இருக்கணும் சார். எண்ணிப் பாருங்க."

பத்துதான் இருந்தன. மீதி இரண்டும், அந்தத் தண்ணீரால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலரின் வாசலில், குழாய் வாய்களை அடைத்தபடி ஒட்டிக் கிடந்தன. பக்கத்திலேயே துத்தநாகக் கட்டை உதிர்ந்த வெள்ளைத் துண்டுகள். கூலரை உப்பு அரிக்காமல் காப்பதற்காகப் போட்ட கட்டை, காலத்தில் மாற்றாததால் அதுவே அடைப்பாகியிருந்தது.

இன்ஜின் சூடானதும் பலரும் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுகிறார்கள். அதனால் அடைப்பு போகாது. கூலரின் இருபக்க மூடிகளையும் கழற்றி, மெல்லிய மூங்கில் குச்சியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுத் தள்ள வேண்டும். இரும்புக் கம்பி கூடாது, குழாய் ஓட்டையாகும். கடல்நீர் சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடானால் சுண்ணப்படிவு வேகமாகப் பிடிக்கும். குச்சிக்கு அசையாத அந்தப் படிவைக் கரைக்கச் சிட்ரிக் ஆசிட் தூள் போதும். லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் கலந்து கூலருக்குள் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். நுரை அடங்கியபின் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கழிவறை ஆசிட்டை ஊற்றினால் வேலை சீக்கிரம் முடியும்தான். உலோகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். காற்றோட்டமில்லாத இன்ஜின் அறையில் அந்தப் புகையைச் சுவாசிப்பவரின் நுரையீரலும் கெடும். மூடிகளுக்குப் புது வாஷர், புது இம்பெல்லர், புது துத்தநாகக் கட்டை. செலவு அவ்வளவுதான்.

பழைய கூலரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவதே நல்லது என்பவர்களும் உண்டு. குழாயே ஓட்டையாகியிருந்தால் அவர்கள் சொல்வது சரி.

இந்த வேலை கரையிலேயே முடிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. பாக் நீரிணையில் 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வரைந்த எல்லைக்கோடு ராமேஸ்வரத்துக்கு மிக அருகில் ஓடுகிறது. நடுராத்திரியில் இன்ஜின் கொதித்து நின்றால், நங்கூரம் பிடிக்காத காற்றில் படகு எந்தப் பக்கம் இழுபடும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோட்டைத் தாண்டிப் பிடிபட்டவர்கள் சொல்லும் 'இன்ஜின் பழுது' என்ற விளக்கத்தை யார் கேட்பார்கள்? நாலைந்து குடும்பங்கள் மாதக்கணக்கில் தவிக்க, ஒரு விரல்நீள ரப்பர் துண்டு போதும். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பெயின்ட் அடிக்கவும் வலை பின்னவும் ஒதுக்கும் நாட்களில் அரைநாள் கூலருக்கும் ஒதுக்குங்கள். இன்ஜின் நன்றாக இருக்கும்போதே, வெளியேறும் கடல்தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்து வையுங்கள். அதே வேகத்தில் இன்ஜின் ஓடும்போது பிறகொரு நாள் வாளி நிறையக் கூடுதல் நேரம் ஆனால், உள்ளே அடைக்கத் தொடங்கிவிட்டது.

இம்பெல்லரில் இறகு குறைந்திருந்தால், புதிது மாட்டிவிட்டோம் என்று கிளம்பிவிடாதீர்கள். உடைந்த துண்டு கைக்குக் கிடைக்கும்வரை படகைக் கடலில் இறக்க வேண்டாம்.