குப்பையும் எருவும்

பழனிக்கு அணித்தேயுள்ள ஆயக்குடியின் பெயரைக் கேட்டவுடன் கொய்யாக்கனியே நம் நினைவிற்கு வரும். அத்தகைய கனிகளை விளைவிக்கும் உழவர் வழங்கும் சொல் ஒன்றை ஈண்டு நோக்குவோம். தொழுவுரத்தை அவர்கள் ‘குப்பை’ என்றே கூறுவர். நகரத்தார்க்கு அருவருப்பைத் தரும் அச்சொல், உழவர்க்கு விளைவை நினைவூட்டுவதாகும். இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது?

முன்னாளில் வீட்டினின்று கழிந்தவை பெரும்பாலும் சாணம், சாம்பல், சருகு, காய்கறித்தோல் முதலியனவே. புறக்கடைக் குழியில் இட்ட அவை நாளடைவில் எருவாயின. பழைய இரும்பு வீதியில் வருவோரிடம் பேரீச்சம்பழத்திற்கு மாறிற்று. இக்காலத்துக் குப்பைக்கூடையிலோ பிளாஸ்டிக் பையும், கண்ணாடித் துண்டும், பழைய பேட்டரியும் காய்கறித்தோலோடு கலந்து கிடக்கின்றன. இவற்றினின்று பெற்ற எருவை எந்த உழவர் தம் கொய்யா மரத்தடியில் இட ஒருப்படுவார்? தாளும் நனைந்து அழுக்குறின் அதனை விலைக்குக் கொள்வாரில்லை. ஆகவே, பயன்படும் பொருளைப் பாழாக்குவது கலப்பே என்பது தெளிவு.

ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கில அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்து, எருவாக்கும் முறையொன்றை வகுத்தார். பயிர்க்கழிவு, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரமும் காற்றும் குறையாமற் காத்து, இடையிடையே கிளறிவிடின், நுண்ணுயிர்கள் அவற்றை ஏறக்குறைய மூன்று திங்களில் நல்லெருவாக்கும். இதனை ‘இந்தூர் முறை’ என்பர். சிறு குழியிலும் இதனைச் செய்யலாம்.

இந்திய அரசு 2016-இல் வகுத்த விதிகள், மக்குவன, மக்காதன, தீங்கு விளைப்பன எனக் குப்பையை வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்குமாறு பணித்தன. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடை செய்தது. ஆயினும் சட்டம் தெருவரை வருமேயன்றி அடுக்களைக்குள் வாராது. அங்கே பிரிக்க வேண்டியவர் வீட்டாரே.

மாணவ அன்பர்களே! விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நாம், பிறர்க்கு அறிவுரை கூறுமுன் நம் வீட்டில் இரு கூடைகளை வைப்போம். தீங்கு விளைப்பனவற்றிற்குத் தனியே ஒரு பெட்டி வைப்போம். புறக்கடையில் ஒரு குழி வெட்டுவோம். மூன்று திங்கள் கழித்து, அவ்வெருவில் ஒரு கூடையை அடுத்த வீட்டு மரத்திற்கு அளிப்போம். அதனைக் கையில் எடுத்துப் பார்த்தவர் தாமே நம்மிடம் வழி கேட்பர். தெருவார் ஒருவர்பின் ஒருவராய் இதனைக் கைக்கொள்ளின், உழவரின் ‘குப்பை’ என்னும் சொல் நம் வாயிலும் பழைய பொருளைப் பெறும்.