பள்ளி மூடினால் தீவே காலி! - ஜப்பானில் ஓர் ஊர் ஜெயித்த கதை

மார்ச் மாதம். ஜப்பானில் பள்ளி ஆண்டு முடியும் நேரம். ஹிஷிஉரா துறைமுகத்தில் கப்பல் கிளம்பத் தயாராக நிற்கிறது. மேல்தளத்தில், படிப்பை முடித்த பிள்ளைகள். கீழே கரையில் பெற்றோர், ஆசிரியர்கள், அக்கம்பக்கத்துத் தாத்தா பாட்டிகள். நடுவே கலர் கலராகக் காகித நாடாக்கள். ஒரு முனை கப்பலில் இருப்பவர் கையில், மறுமுனை கரையில் நிற்பவர் கையில்.

கப்பல் நகர நகர நாடா நீள்கிறது. ஒரு கட்டத்தில் அறுந்து காற்றில் பறக்கிறது. கப்பல் புள்ளியாகும் வரை கரையில் கைகள் அசைந்துகொண்டே இருக்கின்றன.

இது அமா என்ற தீவு ஊரின் வழியனுப்பும் வழக்கம். அங்கே கல்லூரி கிடையாது. மேலே படிக்க வேண்டுமானால் கடல் தாண்டித்தான் ஆகவேண்டும். எனவே 18 வயதில் வரும் பிரிவை ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால், அந்தப் பிரிவு 15 வயதிலேயே வந்துவிடும் என்ற நிலை ஏற்பட்டபோதுதான் ஊர் பதறிப்போனது.

மூன்று தீவு, ஒரே பள்ளி

ஜப்பானின் ஷிமானே மாகாணக் கரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஓகி தீவுக்கூட்டம். கப்பலில் போக ஏறக்குறைய மூன்று மணி நேரம். குளிர்காலத்தில் கடல் சீறினால் அந்தக் கப்பலும் வராது.

1221ஆம் ஆண்டு, ஆட்சி அதிகாரத்துக்காகப் போரிட்டுத் தோற்ற கோ-தோபா என்ற முன்னாள் பேரரசரை இங்கேதான் நாடு கடத்தினார்கள். 1239ல் அவர் இறந்ததும் இங்கேதான். 'திரும்பி வர முடியாத தூரம்' என்று அந்தக் காலத்தில் நினைத்த இடம் இது!

இந்தத் தீவுக்கூட்டத்தில் டோசென் என்று அழைக்கப்படும் பகுதியில் மக்கள் வாழும் தீவுகள் மூன்று. மூன்றுக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஓர் உயர்நிலைப் பள்ளி. அமாவில் இருக்கும் ஓகி டோசென் உயர்நிலைப் பள்ளி. மாகாண அரசு நடத்தும் பொதுப்பள்ளி. நம் ஊர்க் கணக்கில் 10, 11, 12ஆம் வகுப்புகள். மற்ற இரண்டு தீவுகளின் பிள்ளைகள் பஸ் பிடிப்பதுபோல சிறு கப்பல் பிடித்துப் பள்ளிக்கு வருவார்கள்.

1950ல் கிட்டத்தட்ட 7,000 பேர் வாழ்ந்த ஊர் அமா. பிறகு பிழைப்பு தேடி இளைஞர்கள் நகரங்களுக்குப் போக, மக்கள் தொகை 2,400க்கும் கீழே இறங்கியது. பள்ளியும் சுருங்கியது. 2008ல் மூன்று வகுப்புகளையும் சேர்த்தே சுமார் 90 மாணவர்கள். அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் 28 பேர் மட்டுமே. புதுச் சேர்க்கை 21க்குக் கீழே போனால், பள்ளியை வேறொன்றோடு இணைத்துவிடும் பேச்சு வரும். தீவில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: மூடுவிழா.

பிள்ளையோடு குடும்பமும் போகும்

'ஒரு பள்ளி போனால் என்ன, வேறு பள்ளியில் படிக்கட்டுமே' என்று தோன்றலாம். தீவில் அது நடக்காது. 15 வயதுப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பி, தங்க வைத்து, சாப்பாடு போட்டுப் படிக்க வைக்க மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 45 லட்சம் யென் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டு, மூன்று பிள்ளைகள் இருக்கும் மீனவக் குடும்பமோ விவசாயக் குடும்பமோ என்ன செய்யும்? 'எல்லோருமே அங்கே போய்விடலாம்' என்றுதான் முடிவெடுக்கும். இளம் தம்பதிகளும் இந்தத் தீவுக்கு வந்து குடியேற யோசிப்பார்கள். ஆக, பள்ளிக்கு வைக்கும் பூட்டு ஊருக்கே வைக்கும் பூட்டு.

அப்போது அமாவின் மேயராக இருந்தவர் மிச்சியோ யமாவுச்சி. 2002ல் அவர் பதவிக்கு வந்தபோது ஊர் கழுத்தளவு கடனில் இருந்தது. 2005ல் தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். ஊழியர்களும் சம்பளக் குறைப்புக்குத் தாங்களே முன்வந்தார்கள். மிச்சமான பணத்தில் ஒரு பகுதி, குழந்தை வளர்ப்பு உதவிகளுக்குப் போனது. பள்ளியைக் காப்பாற்றும் வேலையையும் அதே பிடிவாதத்தோடு தொடங்கினார்கள்.

பள்ளி மாகாணத்துடையது, ஊருக்கு அதன் மீது அதிகாரம் இல்லை. ஆனாலும் மூன்று தீவுகளின் நிர்வாகங்களும் பள்ளியும் ஒன்றாக உட்கார்ந்தன. 2006ல் சோனி நிறுவன வேலையை விட்டுவிட்டு அமாவுக்கே குடிவந்த யூ இவாமோட்டோ என்ற இளைஞரும் இந்த முயற்சியில் கைகோத்தார். 'பள்ளியை மூடாதீர்கள்' என்று கேட்பதைவிட, 'இந்தப் பள்ளியில்தான் படிக்க வேண்டும்' என்று பிள்ளைகளே கேட்கும்படி செய்வோம் என்பதுதான் திட்டம்.

தீவே பாடப்புத்தகம்

முதல் சிக்கல், படிப்பு. மாணவர்கள் குறைந்தால் ஆசிரியர்களும் குறைவார்கள். 'இங்கே படித்தால் நல்ல கல்லூரி கிடைக்காது' என்ற பயம் பெற்றோருக்கு. எனவே 2010ல் ஒரு பொதுப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார்கள். ஊர் நிர்வாகமே நடத்தும் டியூஷன் சென்டர்! பள்ளி ஆசிரியர்களோடு பேசி, ஒவ்வொரு மாணவரும் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்து அங்கே இடம் மாறியது மையம்.

அடுத்தது, ஊரையே பாடமாக்கியது. மீன்பிடி, முதியோர் பராமரிப்பு, சுற்றுலா, காலி வீடுகள் என்று தீவின் நிஜப் பிரச்னைகளை மாணவர்கள் கையில் கொடுத்தார்கள். 2009ல் நடந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான முதல் தேசிய சுற்றுலாத் திட்டப் போட்டியில், இந்தச் சின்னப் பள்ளி முதல் பரிசைத் தட்டிச்சென்றது. கோயிலையும் பாறையையும் காட்டுவதற்குப் பதிலாக, தீவின் மனிதர்களைச் சந்திக்க வைக்கும் பயணம் என்பதே அவர்கள் திட்டம். பரிசோடு விடாமல், அந்தப் பயணத்தை நிஜமாகவே நடத்தியும் காட்டினார்கள்.

மூன்றாவது, கதவைத் திறந்தது. 2010 முதல் 'தீவுக்கு வந்து படியுங்கள்' என்று ஜப்பான் முழுவதும் அழைத்தார்கள். விடுதிச் சாப்பாட்டுக்கும் ஊருக்குப் போய்வரும் செலவுக்கும் உதவித்தொகை. டோக்கியோ, ஒசாகா பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு 'தீவுப் பெற்றோர்' என்று உள்ளூர்க் குடும்பங்கள் துணை நின்றன. வயலுக்குக் கூப்பிடுவது, வீட்டில் சாப்பாடு போடுவது, திருவிழாவுக்கு அழைத்துப்போவது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

சிறு வயதிலிருந்து அதே பத்துப் பதினைந்து முகங்களையே பார்த்து வளர்ந்த தீவுப் பிள்ளைகளுக்கும் இது புதுக் காற்று. வெளியூர்ப் பிள்ளை ஆச்சரியத்தோடு கேள்வி கேட்கும்போதுதான், தன் ஊரில் என்னென்ன இருக்கிறது என்று உள்ளூர்ப் பிள்ளைக்கே தெரிகிறது.

இல்லாதது இல்லை

2012ல் முதலாண்டு வகுப்பு இரண்டு பிரிவுகளாக உயர்ந்தது. தீவுப் பள்ளிகள் சுருங்கிக்கொண்டே வரும் ஜப்பானில் இது அபூர்வம். 2010களின் நடுவில் மொத்த மாணவர்கள் சுமார் 180. அதாவது, இரு மடங்கு. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். பிறகு ஜப்பானின் வேறு பல ஊர்களும் வெளியூர் மாணவர்களைத் தங்கள் பொதுப்பள்ளிகளுக்கு அழைக்கத் தொடங்கின.

2011ல் அமா தனக்கென ஒரு வாசகத்தைத் தேர்ந்தெடுத்தது. தமிழில் சொன்னால், 'இல்லாதது இல்லை.' சூப்பர் மால் இல்லை, 24 மணி நேரக் கடை இல்லை. இல்லாதது இல்லைதான், அதற்கென்ன என்று ஒரு பொருள். வாழத் தேவையானதில் எதுவுமே இங்கே இல்லாமல் இல்லை என்று இன்னொரு பொருள்.

பள்ளி பிழைத்ததால் தீவின் எல்லாக் கவலையும் தீர்ந்துவிடவில்லை. முதியவர்கள் இன்னும் அதிகம். பிள்ளைகள் இன்னும் கிளம்பத்தான் செய்கிறார்கள். திரும்பி வருவார்கள் என்று யாரும் சத்தியம் செய்துகொடுக்க முடியாது.

ஆனால் 15க்கும் 18க்கும் நடுவிலான அந்த மூன்று வருடங்களை ஊர் மீட்டுவிட்டது. ஊரின் கஷ்டம் என்ன, அதற்குத் தன்னால் என்ன செய்ய முடியும் என்று யோசிக்கிற வயது அது. அந்த வயதில் தீவோடு வாழ்ந்துவிட்டுத்தான் இப்போது கப்பல் ஏறுகிறார்கள்.

மார்ச் மாதத்தில் துறைமுகத்தில் நாடாக்கள் அறுகின்றன. ஏப்ரலில் அதே துறைமுகத்தில், பெரிய பெட்டியும் கொஞ்சம் பயமுமாக 15 வயதுப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். கரையில் அவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள், தீவுக்காரர்கள்.